ஏழாவது கட்டம்

மஸ்டர் ரோலில் ஏழாவது கட்டம் என்னுடையது.
பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம்
அவரவர் கொண்டுவருவது.
பதவியை மட்டும் நான் எழுதுவேன்.

தஸ்தகீருக்கு 'கட்டர்' என்று எழுதினேன்.
சுகிர்தாவுக்கு 'ஹெல்பர்'.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது,
டீ வந்தது,
கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் பைபாஸுக்கு இந்தப் பக்கம்
ஒரே கூரை, அடுத்தடுத்த மேசை.
மின்னூரிலிருந்து ஒரே வேன்தான் இருவரையும் ஏற்றிவரும்.
ஆட்டுத்தோலை விரித்து
உள்ளங்கையால் ஒருமுறை தடவுவாள்.
உண்ணி கடித்த தழும்பு இங்கே,
முள்வேலி கிழித்தது இங்கே,
வயிற்றுப்பக்கம் இழுபடும், அதில் நாக்கு வெட்டலாம்,
முகப்புக்கு முதுகுதான்.
ஆர்டர் பார்க்க வந்த ஜெர்மன்காரர்
அவள் மேசையருகே நின்று தலையாட்டிவிட்டுப் போனார்.
அவருக்கு ஏழாவது கட்டம் தெரியாது.

மாதம் மூவாயிரத்து ஐந்நூற்றைம்பது வித்தியாசம்.
ஆறு வருஷம்.
ஒரு மத்தியானம் கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்தேன்.
வந்த தொகையை அழித்தேன்.
அழிப்பதற்கு ஒரே பொத்தான்.

சட்டமா? இருந்தது. இல்லை என்று யார் சொன்னது?
கேன்டீனில், கை கழுவும் தொட்டிக்கு மேலே,
பிரேம் போட்டு.
'ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும்'
என்கிற வரிமேல் சாம்பார் தெறித்துக் காய்ந்திருந்தது.
துப்பட்டா நுனியை நனைத்து
ஒருநாள் அவள் அதைத் துடைத்தாள்.
துடைத்ததால் படித்தாள்.
படித்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தாள்:
"சார், ஹெல்பர்னா
யாருக்கு ஹெல்ப்?"

விசாரணைக்கு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு
நான்தான் போனேன், சத்துவாச்சாரிக்கு.
அதே பஸ்ஸில் இரண்டு சீட் முன்னால் அவள்.
மாதனூர் தாண்டி, பள்ளிகொண்டா டோல்கேட்டில்
திரும்பிப் பார்த்தவள்
வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்காமல் இருந்திருக்கலாம்.

வேலூருக்கு ஒரு பழைய கேலி உண்டே,
தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில் என்று.
ஆள் இல்லாத சட்டம் என்று
நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன் மனசுக்குள்.
ஆனால் கோயிலுக்கு எண்பத்தொன்றிலேயே சாமி வந்துவிட்டது.
அந்த மழைக்குப் பாலாறு இரு கரையும் போனது,
பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள்.
கேலியில் இனி ராஜாதான் பாக்கி.

அதிகாரி முன்னால் அவள் அதிகம் பேசவில்லை.
பையிலிருந்து இரண்டு தோல்துண்டை எடுத்து வைத்தாள்.
"ஒண்ணு கட்டர் வெட்டினது, ஒண்ணு ஹெல்பர்.
எது எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."
புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார்.
மோந்துகூடப் பார்த்தார்.
கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுவந்தது திருட்டு
என்றார் வக்கீல்.
கழிவுக்கூடையில் கிடந்தது என்றாள்.
தஸ்தகீர் வரவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள்.
அவன் துண்டு வந்திருந்தது.
அவனே கொடுத்தனுப்பியது என்று பிறகு தெரிந்தது.

அதிகாரி ரிஜிஸ்டரைத் திருப்பி
விரலை ஏழாவது கட்டத்தில் வைத்தார்.
"கையெழுத்து உங்களுதா?"
ஆமாம்.
"வேலையைப் பார்த்து எழுதினீங்களா,
ஆளைப் பார்த்தா?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.
கடலைத்தோல் ஒன்று என் பல்லிடுக்கில் இருந்தது.
"ஆளைப் பார்த்து" என்றேன்.

இப்போது குடோனில் அட்டைப்பெட்டி எண்ணுகிறேன்.
ரிஜிஸ்டரை வேறொருவர் எழுதுகிறார்.
எனக்கு என்ன போட்டிருக்கிறார் என்று
போய்ப் பார்க்கவில்லை.
சுகிர்தா இன்னும் அதே மேசையில்,
அதே சம்பளத்தில்.

அடுத்த வாய்தா பதினேழாம் தேதி.
கடலை என் முறை.